ஆவியானது

கோடை என்று இந்த ஊரில்
தனியாக ஒரு பருவம் கிடையாது.
தைப்பூசத்தன்று லேசாகத் தூறியது. அதோடு சரி.
சீனப் பெருநாள் ஆரஞ்சுத் தோல்களை
உரக்குழியில் கொட்டப் போனபோது
மண் பாளம்பாளமாய் வாய் பிளந்திருந்தது.

ரெலாவ் அடுக்குமாடியின் பின்பக்கம்
மலைச்சரிவுக்கும் குப்பைத்தொட்டிகளுக்கும் நடுவே
பதினான்கு பாத்திகள், ஒற்றைக் குழாய்,
வருகிறபோது பிடித்துவைக்க மூன்று நீல டிரம்.
பூட்டுச் சாவி என்னிடம். நோட்டும் என்னிடம்.
விதிகளை எழுதியவளும் நான்தான்:
மருந்தடிக்கக் கூடாது,
கடை உரம் கூடாது,
பாத்திக்கு மாலையில் இரண்டு வாளி, அதற்கு மேல் கேட்கக் கூடாது.
மூன்று மொழியில் எழுதி உறையிலிட்டு மாட்டினேன்.
நத்தை உள்ளே நுழைந்து
இரண்டாம் விதியைத் தின்றுவிட்டது.

மாசி வெயிலில்
மாவுப்பூச்சி கத்தரியில் வெள்ளையாய் அப்பியது.
ஒரே ஒரு தடவை அடித்துவிடலாம் என்றாள் மேடம் ஊய்,
யாருக்குத் தெரியப் போகிறது என்று.
செடிக்குத் தெரியும் என்றேன்.
செடி செத்த பிறகு என்ன தெரியும் என்றாள்.
பொன்னுரங்கம் பூண்டும் காந்தாரி மிளகாயும் அரைத்துத் தெளிக்க,
காற்று திரும்பி
அவர் கண்ணிலேயே விழுந்தது.
பூச்சி அப்படியே இருந்தது.

அப்புறம்தான் டிரம்மில் தண்ணீர் குறையத் தொடங்கியது.
தினமும் இரண்டு வாளி.
மாலையில் மூடிவைத்த மட்டத்துக்கும்
காலையில் திறக்கிற மட்டத்துக்கும்
நாலு விரல் வித்தியாசம்.
புலனக் குழுவில் புகை கிளம்பியது.
மூன்றாம் மாடியின் கார் பளபளப்பாக இருக்கிறதே என்று ஒருவர்.
யாருடைய பயற்றங்கொடி மட்டும் வாடவில்லை பார்த்தீர்களா என்று இன்னொருவர்.
வாடாத கொடி என்னுடையது.

துணி காயும் சன்னலில்
விளக்கணைத்து உட்கார்ந்தேன்.
பன்னிரண்டரைக்கு
காவல்கூண்டிலிருந்து வந்தான் லோக்நாத்.
சீருடைச் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டான்,
அழுக்காகிவிடக் கூடாது என்பது போல.
போனான், பதினோராம் பாத்திக்கு.
ஜோகூருக்கு மாற்றலாகிப் போன டீச்சருடையது;
என் நோட்டில் ‘காலி’ என்று இருப்பது.
வாளியைச் சாய்த்து, குறுக்கே உள்ளங்கையை வைத்து,
விரலிடுக்கில் ஒழுகவிட்டான்.
செங்கல்லில் சாய்த்த கைப்பேசியில்
ஒரு பெண்குரல் விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.
அவன் ஒரு இலையை நிமிர்த்தி
அதன் வெளிச்சத்தில் காட்டினான்.
குரல் கொஞ்சம் நின்றது.

காலையில் போய்ப் பார்த்தேன். கடுகு.
தாளிக்கிற கடுகைத்தான் விதைத்திருக்கிறான்.
இந்தச் சூட்டில் இலை தடிக்காது,
கீரையாகும் முன்னே பூவுக்கு ஓடிவிடும் என்று
சொல்லலாம். சொல்ல எனக்கு அவன் மொழி தெரியாது.
அவனுக்கு என் மலாய் புரியும்தான்.
ஆனாலும் சொல்லவில்லை.

நோட்டில் ஒரு கட்டம் புதிதாய் வரைந்தேன்.
வெயிலில் ஆவியானது: 2 வாளி.
மறுநாளும் ஆவியானது: 2.
கக் நோர்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.
ராத்திரியிலா, என்றார்.
ராத்திரியில்தான், என்றேன்.
மூடியிருக்கிற டிரம்மிலா, என்று அவர் கேட்கவில்லை.
என் பயற்றங்கொடிக்கு அன்றிலிருந்து
ஒரு வாளி குறைத்தேன். நாலைந்து காய் சுருண்டது.

பங்குனியில் மாமா மகன் கல்யாணத்துக்கு
தைப்பிங் போய் ஒரு வாரம் தங்கினேன்.
சாவியையும் நோட்டையும்
வேறு வழியில்லாமல் மேடம் ஊயிடம் கொடுத்திருந்தேன்.
திரும்பி வந்து புரட்டினால்
தமிழ் தெரியாத கை, என் கட்டத்துக்குள்
ஏழு நாளும் ஒரு 2 போட்டு,
பக்கத்தில் கெட்டில் மூக்கிலிருந்து எழுவது போல
மூன்று நெளிகோடுகள் வரைந்திருந்தது.
கடைசி இரண்டு நாளும்
நல்ல மழையாம்.

கடுகு பூத்துவிட்டது.
மருந்தடிப்பதைப் பற்றி அவளோடு
இன்னும் சண்டைதான்.